ஃபைல்களை மனசில் வைத்திருப்பவர்

இன்று உங்களுக்கு ஒரு ஜீவனை அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், ஞாபகக்காரர். இரண்டு கை, இரண்டு கால், நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் ஒரு பேனா. பேனா எழுதுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். காது குடைய. எழுதி வைப்பதெல்லாம் மறதிக்காரர்கள் செய்கிற வேலை என்பது அவருடைய கொள்கை.

இந்த இனம் எங்கேயும் உண்டு. எட்டுப் பேர் சொன்ன டிபனை எழுதிக்கொள்ளாமல் உள்ளே போய், ஏழு தோசையும் யாருமே கேட்காத ஒரு பெசரட்டும் கொண்டு வந்து வைத்து, "பெசரட்டு யாருக்குங்க?" என்று நம்மையே அதட்டுகிற ஓட்டல்காரரைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு கிளை. பீரோ சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, வைத்த இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் ஞாபகம் வைத்திருப்பவர் இன்னொரு கிளை. இவர்களால் பெரிய ஆபத்து இல்லை. பெசரட்டைத் தின்றுவிடலாம். பீரோவை உடைத்துவிடலாம்.

ஆபத்தான கிளை கம்ப்யூட்டரில் வளர்கிறது. அதில் நன்கு விளைந்த ஒன்று திருப்பதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறது. ஹரிபாபு என்று பெயர். லாட்ஜ், கல்யாண மண்டபம், மாங்கூழ் கம்பெனி என்று ஊர்ப்பட்ட பேருக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும், பிறகு அதில் இதை மாற்று, அதை மாற்று என்று அவர்கள் சொல்வதை மாற்றிக் கொடுப்பதும் தொழில். இவருடைய ஞாபக சக்தியின் புண்ணியத்தில்தான் என் தங்கை மகள் கன்னியம்மாள், பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, கங்காதர நெல்லூரிலிருந்து நகரி வரைக்கும் வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிட்டு, தாலி கட்ட மண்டபம் இல்லாமல் நின்றாள். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஜீவனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டு மாடிக்கும் குடிவரலாம்.

வெப்சைட் என்றால் ஏதோ ஒரே பலகை, அதில் எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இருநூறு முந்நூறு துண்டு ஃபைல்கள் சேர்ந்தது ஒரு வெப்சைட். எங்கள் சொந்த ஊரான நகரியில் சேலைக்குப் பூ விழ ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிமேல் தொங்கவிடுவார்கள். டிசைனை மாற்ற வேண்டுமென்றால் நாலைந்து அட்டையை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். ஒன்றை மாற்ற மறந்தீர்களோ, சேலை முழுக்க ஒவ்வொரு மயிலுக்கும் ஒரு கால் இருக்காது. வெப்சைட்டும் அந்த ஜாதிதான். ஒரு பிரதி ஹரிபாபுவின் கம்ப்யூட்டரில். ஊர் பார்க்கிற பிரதி வேறு எங்கோ ஒரு கம்ப்யூட்டரில். அது மும்பையில் இருப்பதாகத் திங்கட்கிழமை சொல்வார், வியாழக்கிழமை சிங்கப்பூருக்குப் போய்விடும். எங்கே இருந்தால் என்ன? இங்கே மாற்றிய ஃபைல்களை அங்கே அனுப்ப வேண்டும். எதை மாற்றினோம், எதை அனுப்பினோம், எது பாக்கி என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிலே அவ்வளவுதான்.

ஹரிபாபுவுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலால் நெற்றியை இரண்டு தட்டுத் தட்டி, "எல்லாம் இங்க கீதும்மா" என்பார். அங்கே இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளியே வருவதில்தான் சந்தேகம்.

மண்டபக்காரர் போன் செய்து, மாற்றச் சொன்னது மாறவில்லையே என்று கேட்டால் இவரிடம் நாலு பதில் தயாராக இருக்கும். முதல் பதில், "ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க." இரண்டாவது, "என் சிஸ்டத்துல கரெக்டா வருதே." மூன்றாவது, "உங்க போன் பழசு." மூன்றுக்கும் எதிராளி மசியவில்லை என்றால் நாலாவது: "சின்ன மேட்டர்ங்க, ஒரே நிமிஷம்." இந்த ஒரு நிமிஷம் சில சமயம் தீபாவளி வரைக்கும் நீளும்.

எழுதி வைக்காதவர்தானே, பிரதியாவது வைத்திருப்பாரா என்றால், அடேயப்பா, வைத்திருப்பார்! ஒரே வெப்சைட்டுக்கு ஏழு பிரதி. ஒன்று நியூ. ஒன்று நியூ நியூ. ஒன்று ஃபைனல். ஒன்று ஃபைனல் ஒரிஜினல். ஒன்று தொடாதே. ஒன்று தொடாதே டூ. ஏழாவதற்குப் பெயரே இல்லை, அதுதான் ரொம்ப முக்கியமாம். எது புதுசு, எது பழசு என்று கேட்டுப் பாருங்கள். நெற்றி இரண்டு தட்டு வாங்கும்.

இந்த மாடிக்குத்தான் போன மார்ச் மாதம் தேவசேனா வேலைக்கு வந்தாள். புத்தூர்ப் பெண். வந்த மூன்றாம் வாரமே ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டு வந்து வைத்தாள். அது என்ன செய்யுமாம்? எந்த ஃபைல் மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினார், மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தானே பார்த்து வைத்துக்கொள்ளும். மாறியதை மட்டும் அனுப்பும். பாதியில் நின்றால், நின்ற இடத்தைச் சொல்லும். தப்பாகப் போய்விட்டால், பழையதை எடுத்துத் திரும்ப வைக்கும். இதற்குக் காசும் கிடையாதாம். எனக்குக் கேட்டதும் ஆசையாக இருந்தது. சமையலறைக்கு ஒன்று கிடைக்குமா என்று கூடக் கேட்டேன். (நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் தேவசேனாதான். அவளை ரெண்டு வார்த்தை கூடுதலாகப் புகழலாம் என்று பார்த்தால் எழுத மாட்டேன் என்கிறாள். போகட்டும்.)

ஹரிபாபுவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நான் எத மாத்துனேன்னு அது எனக்குச் சொல்லணுமா?"

"உங்களுக்கு இல்ல சார். ஒருநாள் நீங்க லீவுன்னா எங்களுக்கு..."

"நான் எப்பம்மா லீவு போட்டேன்?"

"போன வாரம் சார். ரெண்டு நாள்."

"அது ஞாபகம் கீது. அத உடு. பதினாலு வருஷமா இந்த ஃபீல்டுல கீறேன். மெஷின நம்பி ஒரு ஃபைலு அனுப்புனதில்ல."

பதினாலு வருஷமாக மெஷின் முன்னால் உட்கார்ந்து, மெஷினில் தட்டி, மெஷின் வழியாக அனுப்பிச் சாப்பிடுகிற மனிதர் சொல்கிறார், மெஷினை நம்பியதில்லை என்று. சரி, ஒருமுறை ஓட்டித்தான் பாருங்களேன் என்று அவள் கெஞ்ச, போனால் போகிறது என்று ஓட்டினார். இவர் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஃபைல்களில் நாற்பத்தேழு இன்னும் போகவே இல்லை என்று அது பட்டியல் போட்டது. நாற்பத்தேழு! நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பட்டியலைப் படிப்போம். ஹரிபாபு என்ன செய்தார்? தேவசேனா இரண்டாவது வரியைப் படிப்பதற்குள் அதை மூடினார். "தப்புத் தப்பா காட்டுது, சாஃப்ட்வேர் சரியில்ல" என்றார். தன் கம்ப்யூட்டரிலிருந்து அதை எடுத்தும் போட்டுவிட்டார். அவள் கம்ப்யூட்டரில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சித்தூர் மண்டபத்துப் பக்கம் அது தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஏனென்றால் சித்தூர் மண்டபம் அவருடைய கைவேலை.

சித்தூர் மண்டபம் என்றேனே, அங்கேதான் வில்லங்கம். மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஆதிகேசவன். எந்த நாள் போயிற்று, எந்த நாள் காலி என்று வெப்சைட்டில் மாத வாரியாக இருக்கும். மாதத்துக்கு ஒரு ஃபைல். சிவப்புக் கட்டம் என்றால் யாரோ பதிந்துவிட்டார்கள். பச்சைக் கட்டம் என்றால் காலி. ஆதிகேசவன் போனில் சொல்லச் சொல்ல ஹரிபாபு கட்டத்தின் நிறத்தை மாற்ற வேண்டும்.

தேவசேனா வேலைக்கு வருவதற்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மண்டபத்துக்குப் பதினோரு ஃபைல் மாற்றினார். புது பெயிண்ட் அடித்த முகப்புப் படம், சாப்பாட்டு ஹால் படம், போன் நம்பர், இன்னும் என்னென்னவோ. ஆறாவது ஃபைல் ஜூன் மாதம். அதில் நான்காம் தேதிக் கட்டத்தைச் சிவப்பாக்கியிருந்தார். மாற்றி முடித்து, மானிட்டருக்கு ஊதுவத்தி காட்டி, மணி பத்தேகாலுக்கு ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார். இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ராகு காலத்தில் இவர் மாடியிலிருந்து ஒரு ஃபைல் வெளியே போகாது. சுவரில் தினசரிக் காலண்டர், அதன் பக்கத்தில் ஏழு நாள் ராகு காலமும் பெரிய எழுத்தில். எழுதி வைப்பதில்லை என்ற விரதத்துக்கு அது ஒன்றுதான் விலக்கு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆறாவது ஃபைல் பாதி போய்க்கொண்டிருக்கும்போது மணி பத்தரை. ஃபைலின் தலை சுப நேரத்தில் போய், வால் ராகு காலத்தில் போகலாமா? கூடாது. டக்கென்று நிறுத்திவிட்டார். கீழே வந்து டீ குடித்தார். எங்கள் வாசலில் நின்று மாநகராட்சிக்காரர்களோடு கால்வாய் விஷயமாகத் தெலுங்கில் சண்டை போட்டார். பன்னிரண்டு மணிக்கு மேலே போய், விரல் விட்டு எண்ணி, "ஆறு போயிடுச்சு, ஏழுலேர்ந்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏழு முதல் பதினொன்று வரைக்கும் அனுப்பி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆறாவது போயிற்றா என்று ஒருமுறை பார்க்கக் கூடாதா என்கிறீர்கள். பார்த்தால், தன் ஞாபகத்தைத் தானே சந்தேகப்பட்டதாகிவிடாதா?

ஆக, இவர் கம்ப்யூட்டரில் ஜூன் நான்கு சிவப்பு. ஊர் பார்க்கிற இடத்தில் பச்சை. ஜூனில் மற்ற நல்ல நாளெல்லாம் முன்பே சிவப்பாகிவிட்டதால் அந்த ஃபைலை மறுபடி தொடும் வேலையும் வரவில்லை. பச்சையாகவே சமத்தாக உட்கார்ந்திருந்தது, யாராவது வந்து மாட்டட்டும் என்று.

மாட்டினவள் எங்கள் கன்னியம்மாள். அவள் பெண் தரணிக்கு வைகாசி இருபத்தொன்றில் முகூர்த்தம். அதுதான் ஜூன் நான்கு. ஏப்ரலில் போனில் பார்த்திருக்கிறாள். ஊரில் ஒரு மண்டபம் காலியில்லை, இங்கே மட்டும் பச்சையாக ஒரு கட்டம். சாமியே வைத்திருந்தது என்று பெயர், ஊர், முகூர்த்தம் எல்லாம் அதிலேயே போட்டு அனுப்பினாள். "உங்கள் தேதி பதிவாகிவிட்டது, நேரில் வரத் தேவையில்லை" என்று கும்பிடு போட்ட கைப்படத்தோடு பதில் வந்தது. அந்தத் தகவல் மெயிலாக ஹரிபாபுவுக்கும் வந்தது. அதைப் பார்த்து ஆதிகேசவனுக்குச் சொல்வதுதான் ஏற்பாடு. பார்த்தார். மனசில் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

மே இருபது வாக்கில் சமையல்காரரை அழைத்துக்கொண்டு, அடுப்படியைப் பார்த்து வரலாம் என்று கன்னியம்மாள் மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். ஆதிகேசவன் சொன்னாராம், "நாலாந்தேதியா? அது சங்கராந்தி அப்பவே அயிப்போயிந்தேம்மா. யாரு நீங்க?" அயிப்போயிந்தி என்றால் தெலுங்கில் முடிந்துபோயிற்று.

அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "பெரிம்மா, உங்க மாடியில கீறவங்க செஞ்ச வெப்சைட்டுன்னுதானே நம்புனேன்" என்று அவள் சொன்னதும் எனக்குக் காது சுட்டது. முட்டிவலியைப் பார்த்தால் முடியுமா? பதினெட்டுப் படியும் ஏறினேன்.

ஹரிபாபு எங்களைப் பார்த்ததும் எழுந்தார். சங்கதியைச் சொன்னோம். பதற்றம் ஏதாவது? அதெல்லாம் கிடையாது.

"நான் அன்னிக்கே அனுப்பிட்டம்மா. வெள்ளிக்கிழம. நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு வீட்டுல லெமன் சாதம், உருளைக்கெழங்கு. நீல சட்ட போட்டிருந்தேன். கால்வாய்க்காரனோட சண்ட போட்டேன். ஆயாவ கேளுங்க." ஆயா நான்தான்; இந்தப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பார்த்தீர்களா? லெமன் சாதம் ஞாபகம் இருக்கிறது. சட்டை ஞாபகம் இருக்கிறது. அனுப்பாத ஃபைலை அனுப்பியதும் ஞாபகம் இருக்கிறது.

"அப்புறம் என் போனுல ஏன் பச்சையா கீது?" என்றாள் கன்னியம்மாள், போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டி.

"ரிஃப்ரெஷ் பண்ணுங்கம்மா."

"ரிஃப்ரெஷ் பண்ணா மண்டபம் வருமாய்யா? எரநூத்தம்பது பேருக்கு பத்திரிக குடுத்துட்டு வந்து நிக்கிறேன். மாப்ள வீட்டுக்காரங்க கேட்டா இன்னா சொல்லட்டும்? ரிஃப்ரெஷ் பண்ணிக்கினு வந்து தாலி கட்டுங்கன்னா?"

போன் பழசு என்கிற பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கன்னியம்மாளின் போன் புதுசு. வருஷம் திரும்பவில்லை. ஆகவே அவர் தலையைத் திருப்பித் தேவசேனாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு எதனா தொட்டுட்டிருக்கும்" என்றார். அவள் வேலைக்கு வந்ததே மார்ச்சில். பிப்ரவரியில் இங்கே தொட அவள் என்ன, அவள் காற்றுக்கூட வரவில்லை. அதைச் சொன்னேன். "அதான் எனக்கு ஞாபகம் இல்லாம போச்சு" என்றார் கூசாமல்.

தேவசேனா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சித்தூர் மண்டபத்துப் பக்கம் போகக் கூடாது என்றிருந்தாரே, அந்த சாஃப்ட்வேரை நேராக அங்கேயே ஓட்டினாள். முதலில் ஊர் பார்க்கிற பிரதியை அப்படியே ஒரு நகல் எடுத்துவைத்தது. பிறகு அதையும் ஹரிபாபுவின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தது. அரை நிமிஷம். ஒரே ஒரு வரி வந்தது. "ஜூன் மாதம். பிப்ரவரியில் மாற்றியது. அனுப்பவில்லை."

"சார், அன்னிக்கு நீங்க மூடுன நாப்பத்தேழுல இதுவும் ஒண்ணு" என்றாள் மெதுவாக.

ஞாபகக்காரர் பிடிபட்டால் என்ன செய்வார் தெரியுமா? ஒப்புக்கொள்வார் என்றா நினைக்கிறீர்கள்? அது வேறு இனம். இவர் வேகம் காட்டுவார்.

"நவுருங்க. ஒரு ஃபைலு இன்னா, மொத்தத்தையும் ஒரே அடியா அனுப்பறேன். பிரச்னையே இருக்காது."

"சார், வேணாம். ஒண்ணு போதும்."

"உனுக்குத் தெரியாது."

"சார், ராகு காலம்."

அன்று செவ்வாய்க்கிழமை, மணி மூன்றேகால். காலண்டரைப் பார்த்தார். கன்னியம்மாளைப் பார்த்தார். கன்னியம்மாள் முகம் எந்தக் காலண்டரிலும் போட்டிராத காலமாக இருந்தது. பதினாலு வருஷ விரதத்தை முறித்து, ஏழு பிரதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முழுசையும் அனுப்பினார். எதை? ஃபைனல் ஒரிஜினலை. பெயரைக் கேட்டால் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போன வருஷத்துப் பிரதி.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, ஆதிகேசவன் போன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஏமய்யா ஹரிபாபு, இன்னா பண்ணிக்கினு கீற நீ? என் மண்டபத்துக்கு பழைய பெயிண்ட் வந்துடுச்சி! ஜூனு, ஜூலை பூராவும் காலின்னு காட்டுதாம். இப்பவே ரெண்டு பேரு தேதி போட்டுட்டு எனுக்கு போன் பண்றாங்க. ஒரு பொண்ணுக்கே நான் பதில் சொல்ல முடியல, மாசம் பூராவும் கல்யாணத்த எங்கய்யா வெச்சி பண்றது? என் தலமேலயா?"

ஹரிபாபு எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு நிம்மதி. "பாத்தீங்களா? ராகு காலத்துல அனுப்பச் சொன்னீங்க" என்றார்.

யார் சொன்னார்கள்? விடுங்கள். தேவசேனா அவரைக் கேட்கவில்லை, காலண்டரையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் எடுத்து வைத்த நகலைத் திரும்ப வைத்தாள். பெயிண்ட் புதுசாயிற்று. ஜூலை சிவப்பாயிற்று. பிறகு அந்த ஒரே ஒரு ஜூன் ஃபைலை அனுப்பினாள். நான்காம் தேதிக் கட்டமும் சிவப்பு. வெப்சைட் இப்போது சத்தியம் பேசியது. சத்தியம் என்னவென்றால், கன்னியம்மாளுக்கு மண்டபம் இல்லை.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். சும்மா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. போன் இன்னும் வைக்கப்படவில்லை, அதை இழுத்துக்கொண்டேன்.

"ஆதிகேசவன், நான் இந்த வீட்டுக்காரம்மா பேசறேன். நாலாந்தேதிய வாங்குனவங்க யாரு?"

"தெலுங்குக்காரங்கம்மா. பாகால பக்கம்."

"முகூர்த்தம் எத்தினி மணிக்கு?"

"அவங்களுது ராத்திரி பதினொண்ணரைக்கும்மா."

"எங்களுது காலம்பர ஆறுலேர்ந்து ஏழரை."

இந்த ஜில்லாவில் இத்தனை வருஷமாகத் தமிழ்க்காரர்கள் விடியற்காலையில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெலுங்குக்காரர்கள் நட்சத்திரம் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டத்துக்கு மட்டும் அது தெரியாது. சிவப்பு என்றால் சிவப்பு.

"அவங்க எத்தன மணிக்கு உள்ள வருவாங்க?" என்றேன்.

"மூணு, மூணரைக்கு."

"தேவசேனா, மூணாந்தேதி சாயந்திரம் இன்னா நெறம்?"

"பச்ச ஆயா" என்றாள். "இப்ப பாக்கறது நெஜமான பச்ச."

"மூணாந்தேதி சாயந்திரம் நாங்க வர்றோம். நாலாந்தேதி ஒரு மணிக்கு பெருக்கித் தொடச்சி குடுத்துட்டு போய்டறோம்."

"பந்தி லேட்டாவும்மா. தமிழ்க்காரங்க பந்தின்னா..."

"பதினொண்ணரைக்கு கடைசி பந்தி எழுந்துடும். எழுந்திரிக்காதவன நானே எழுப்புறேன்."

ஆதிகேசவன் இழுத்தார். கூட்டுகிற ஆள் பற்றாது என்றார். எங்கள் ஆட்களே கூட்டுவார்கள் என்றேன். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்க வேண்டும் என்றார். இப்போதே கேள், நான் போனை வைக்க மாட்டேன் என்றேன். நான் வைக்கவும் இல்லை. அவர் இன்னொரு போனில் பாகாலைக்குப் பேசினார். வாசலில் கட்டுகிற வாழை மரத்தையும் மாவிலைத் தோரணத்தையும் நாங்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனால் சம்மதம் என்று அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா சொன்னாராம். நல்ல மனிதர். வாழை மரம் அவர்களுக்கு மிச்சம், மண்டபம் எங்களுக்கு.

கன்னியம்மாள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது நெற்றியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இதத்தான் ஆயா நானும் அப்பலேர்ந்து மனசுல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் ஹரிபாபு.

தரணிக்குத் தாலி ஆறே முக்காலுக்கு ஏறியது. கடைசிப் பந்தி பதினொன்று நாற்பதுக்கு எழுந்தது; பத்து நிமிஷம் தாமதத்துக்குக் காரணம் என் அண்ணன் மகன், அவன் இலையை நானே எடுத்தேன். ஒன்றரை மணிக்கு ஒரு வேன் போக, மூன்றரைக்கு இன்னொரு வேன் வந்தது. இப்போது மண்டபத்து வெப்சைட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஆதிகேசவனுக்கு வாயெல்லாம் பல். இது தன்னுடைய யோசனை என்று ஹரிபாபு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். சொல்லிச் சொல்லி அவருக்கே அது ஞாபகமாகவும் ஆகிவிட்டது.

சாஃப்ட்வேர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அவர் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டது. தேவசேனா ஏற்றியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் பட்டியல் வரும். அவரும் மறுக்காமல் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்கிறார். தெரிந்தவர் ஏன் அனுப்பவில்லை என்று அது கேட்பதில்லை. மெஷின்களுக்கு மரியாதை அதிகம்.

இதையெல்லாம் தேவசேனா எழுதி முடித்ததும், எனக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். பாதியில் ஹரிபாபு வந்து நின்றார். போகச் சொல்ல முடியுமா? வாடகைக்கு இருப்பவர். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்வார், வீட்டைக் காலி செய்வார் என்றுகூட நினைத்தேன். மனிதர் சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்து சிரிக்கிறார்.

"ஐயோ ஆயா! அச்சு அசலா ரேணிகுண்டா சாய்குமாரே! அவனும் இப்படித்தான், எதையும் எழுதி வைக்க மாட்டான். எப்படி ஆயா புடிச்சீங்க? ஒண்ணே ஒண்ணு, பேர மட்டும் மாத்த மறந்துட்டீங்க. என் பேரு அப்படியே கீது. குடும்மா, நான் மாத்தித் தர்றேன். ஒரே நிமிஷம்."

நீங்களும்தான் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சிரிக்கும்போது யாரோ ஒருவர் முகம் உங்களுக்கு வந்துபோயிருக்கும். வீட்டுக்காரராக இருக்கலாம், ஆபீசில் பக்கத்து நாற்காலியாக இருக்கலாம், ஓர்ப்படியாக இருக்கலாம். தப்பில்லை. அவரிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும், யார் ஞாபகம் வந்தது என்று கேளுங்கள்.

உங்கள் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.